தூந்திர மண் விடும் மூச்சு: சூடு மட்டுந்தான் காரணமா?

பொருநைக்கரையான் எழுதியது:

வணக்கம் மக்களே. எங்க தெரு வாட்ஸ்அப் குழுவுல ஒரு செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. வட துருவத்துல சூடு கூடினா அங்கன புல்லும் புதரும் செழிக்கும், செழிச்ச செடி காத்துல உள்ள கரியமில வாயுவ உறிஞ்சிரும், அதனால பயப்பட ஒண்ணுமில்லன்னு. படிச்ச பிள்ளைகளே அத அடுத்த குழுவுக்குத் தள்ளி விடுதாங்க. எனக்கு மனசு கேக்கல. அதான் இங்க வந்து எழுதுதேன்.

தூந்திரம்னா மரமே இல்லாத, பாசியும் கோரையும் குட்டைப் புதரும் தரையோட தரையா கிடக்குற குளிர்நிலம். அலாஸ்கா, கனடாவோட வடக்கு, சைபீரியா, ஸ்காண்டிநேவியாவோட உச்சி. கோடையில மேல் மண்ணு ஒரு முழம், ரெண்டு முழம் இளகும். அதுக்குக் கீழ வருசம் பூரா கல்லு மாதிரி உறைஞ்சே கிடக்கும், அதத்தான் உறைமண்ணுன்னு சொல்லுதாங்க. செத்த செடி கொடி மக்க முடியாம ஆயிரக்கணக்கான வருசமா அதுக்குள்ள சேர்ந்திருக்கு. வடபுலத்து உறைமண் பகுதி முழுசையும் சேர்த்தா ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி டன் கார்பன். காத்து மண்டலத்துல இப்போ இருக்குறதப் போல கிட்டத்தட்ட ரெண்டு பங்கு.

2024 ஏப்ரல்ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ஸ்வீடன்ல உமேயோ பல்கலைக்கழகத்து சிப்ரின் மேஸ் முன்னின்னு செஞ்சது. துருவத்துலயும் உயர்மலையிலயும் உள்ள 28 தூந்திர இடங்கள்ல நடந்த 56 சோதனைகளோட கணக்க ஒண்ணாச் சேர்த்துப் பாத்திருக்காங்க. மண்ணு மேல சாய்வா பிளாஸ்டிக் தகடு நட்டு, மேல திறந்து விட்ட சின்னச் சின்னக் கூண்டுகள். காத்து உள்ள அடிக்காது, வெயிலோட சூடு தங்கும். காத்தோட வெப்பம் சராசரியா 1.4 டிகிரியும் மண்ணோட வெப்பம் 0.4 டிகிரியும் கூடியிருக்கு. மண் ஈரம் 1.6 விழுக்காடு குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான் மாத்தம். ஆனா அதுக்கே வளர்பருவத்துல அந்த நிலம் வெளிய விடுற கார்பன் டை ஆக்சைடு 30 விழுக்காடு கூடிருச்சு. சில கூண்டு 25 வருசமா நிக்குது, அங்கயும் அந்தக் கூடுதல் அடங்கல.

என்னோட கேள்வி இதுதான். எல்லா இடத்துலயும் ஒண்ணு போல கூடல. சில இடத்துல ரொம்ப, சில இடத்துல கொஞ்சம். சூடு ஒண்ணுதான் காரணம்னா ஏன் இந்த வித்தியாசம்? மண்ணு படிச்சவங்க யாராவது சொல்லுங்க.

பாளை மண்நேசி எழுதியது:

நல்ல இழை, அண்ணாச்சி. நான் மண் நுண்ணுயிரியல் படித்து, அதையே கற்பித்து வருகிறவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 30 விழுக்காடு எதை அளந்தது என்று பார்த்துவிடுவோம். ஒளி புகாத ஒரு பெட்டியை நிலத்தின்மேல் கவிழ்ப்பார்கள். இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். அப்போது பெட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அகச்சிவப்புக் கருவியால் அளப்பார்கள். வருவது இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, செடியும் வேரும் விடும் சுவாசம். மற்றது, மண்ணில் மட்கும் பொருளைத் தின்னும் பாக்டீரியாவும் பூஞ்சையும் விடும் சுவாசம். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு.

இடத்துக்கு இடம் வித்தியாசம் ஏன் என்றால், விடை பெரும்பாலும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், இருக்கிறது. தூந்திர மண்ணில் கார்பனுக்குக் குறைவில்லை, நைட்ரஜனுக்குத்தான் பஞ்சம். குளிரில் எதுவும் மட்காததால் இருக்கிற நைட்ரஜனும் செத்த இலை தழைக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. நுண்ணுயிருக்குத் தன் உடம்பைக் கட்ட நைட்ரஜன் வேண்டும். சூடு கொஞ்சம் ஏறி மட்குதல் தொடங்கியதும் நைட்ரஜன் விடுபடுகிறது. அது கிடைத்ததும் நுண்ணுயிர் பெருகுகிறது. பெருகியது இன்னும் மட்க வைக்கிறது. இந்தச் சுழற்சி எங்கே கிளம்பிவிட்டதோ அங்கே சுவாசம் மிகவும் கூடியிருக்கிறது. நைட்ரஜன் பஞ்சம் கடுமையான இடங்கள் இதில் கூடுதலாகவே துடித்திருக்கின்றன என்றுதான் அந்த ஆய்வும் சொல்கிறது. மண்ணின் அமிலத்தன்மை மாறியதும் ஒரு காரணம். புளித்த மண்ணில் பாக்டீரியா ஒடுங்கிக் கிடக்கும், பூஞ்சை தாக்குப்பிடிக்கும். அந்தப் புளிப்பு சற்று மாறினாலே யார் தின்கிறார்கள், எவ்வளவு வேகமாகத் தின்கிறார்கள் என்பது மாறிவிடும்.

ஆகவே ஒரே அளவு சூட்டுக்கு இரண்டு தூந்திரங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லும். வெப்பமானியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

பணகுடி காத்தாடி எழுதியது:

நான் மின்சாரம் எடுக்குற காத்தாடிப் பண்ணையில பராமரிப்பு வேலை பாக்குறவன். இந்தப் பாடத்துல பெரிய ஆளு கிடையாது, ஆனா ரெண்டு விசயம் இடிக்குது. கேட்டுதான் ஆகணும்.

ஒண்ணு, மண்ணு விடுற மூச்சு 30 விழுக்காடு கூடிச்சுன்னா, செடி உள்ள இழுக்குறதும் கூடியிருக்கும்ல? செலவ மட்டும் எழுதிட்டு வரவ எழுதாம விட்டா அது கணக்கா? ரெண்டாவது, பிளாஸ்டிக் கூண்டு வச்சுக் காத்த மறிச்சா சூடு மட்டுமா மாறும்? ஈரம் மாறும், பனி படியுறது மாறும். காத்தோட வேலை என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு மறைப்பு வச்சா பின்னால என்னென்ன மாறுதுன்னு தினமும் பாக்குதேன். அந்தக் கூண்ட நம்பி மொத்தத் துருவத்தையும் எடை போடலாமா?

பாளை மண்நேசி எழுதியது:

காத்தாடி தம்பி, இரண்டும் கேட்கவேண்டிய கேள்விதான்.

கூண்டுக்குக் குறைகள் உண்டு. காற்றை 1.4 டிகிரி சூடாக்கியது, மண்ணை அரை டிகிரிகூட ஏற்றவில்லை என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆழத்தில் உறைந்து கிடப்பதை அது தொடுவதில்லை. அப்படிப் பார்த்தால் மேல் மண்ணில் ஏற்பட்ட சிறு மாற்றத்துக்கே இவ்வளவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1990-இல் தொடங்கிய ஒரு பன்னாட்டுத் தூந்திரச் சோதனைத் திட்டத்தில் பல நாட்டார் ஒரே மாதிரிக் கூண்டை, ஒரே முறையில் வைத்து வருகிறார்கள். அதனால்தான் இத்தனை இடங்களின் அளவை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது.

வரவு பற்றிய கேள்விதான் முக்கியமானது. மூச்சு 30 விழுக்காடு கூடியது என்றால் நிகர இழப்பு 30 விழுக்காடு என்று அர்த்தமாகாது. நீங்கள் சொல்வதுபோல் செடியும் கூடுதலாக இழுக்கும். ஆனால் இழுப்பது வெல்லுமா, விடுவது வெல்லுமா என்று பார்க்க அலாஸ்காவில் டூலிக் ஏரிப் பக்கம் ஒரு நெடுநாள் சோதனை நடந்தது. 1981 முதல் சில பாத்திகளுக்கு ஆண்டுதோறும் நைட்ரஜனும் பாஸ்பரசும் போட்டு வந்தார்கள். சூடு கூடினால் மண்ணில் சத்து விடுபடும் அல்லவா, அதைத்தான் உரம் போட்டுச் செய்து பார்த்தார்கள். மிஷேல் மேக் குழுவினர் 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். தரைக்கு மேல் செடி வளர்ச்சி இரண்டு மடங்கானது. அந்த வாட்ஸ்அப் செய்தி சொன்னது அதுவரை சரி. ஆனால் மண்ணைத் தோண்டி எடை போட்டால், இருபது ஆண்டில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ கார்பன் நிகரமாகக் காணாமல் போயிருந்தது. மேலே செழிப்பு, அடியில் கரைசல். ஆழ மண்ணில் போனது, மேலே செடியில் சேர்ந்ததைவிட அதிகம்.

என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சோதனையைத்தான். பச்சையாகத் தெரிகிற நிலம் எல்லாம் சேமிக்கிற நிலம் என்று நம்பிவிடக் கூடாது.

கல்லிடை சம்சாரி எழுதியது:

வாத்தியாரம்மா சொல்றது எனக்கு நல்லா விளங்குது. நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கார், பிசானம் ரெண்டு பூவும் நெல்லு போடுறவன். தண்ணியப் பத்தி யாரும் பேசலியேன்னு பாக்குதேன்.

வேளாண்துறைக்காரங்க எங்களுக்குச் சொல்லுதது, வயல்ல எந்நேரமும் தண்ணி கெட்டி நிக்க விடாத, காய்ச்சலும் பாய்ச்சலுமா வுடு. தண்ணி நின்னா சேத்துக்குள்ள காத்துப் போகாது, மீத்தேன் வாயு கிளம்பும்னு. நாங்களும் செய்தோம், தண்ணியும் மிச்சம். அப்போ அந்தத் துருவ மண்ணு காய்ஞ்சா நல்லதுதானே? மீத்தேன் வராதுல்லா? ஈரம் 1.6 குறைஞ்சிருக்குன்னு வேற எழுதியிருக்காக.

பாளை மண்நேசி எழுதியது:

அண்ணாச்சி, உங்க வயல்ல நடக்குற அதே வேலைதான் அங்கயும் நடக்குது. ஆனா நன்மை தீமை திரும்பிக்கிடுது.

தண்ணீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இராது. அங்கே மட்குதல் மெதுவாகும், வருகிற கார்பனில் ஒரு பங்கு மீத்தேனாக வரும். நீர் வடிந்து காற்று உள்ளே போனால் மீத்தேன் குறையும், ஆனால் மட்குதல் வேகம் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடு கூடும். உங்கள் வயலில் இருக்கும் கார்பன் பெரும்பாலும் போன பூவின் தாளும் வேரும். அது போனால் அடுத்த பூவில் திரும்ப வரும். தூந்திரத்தில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பு. குளிரோடு நீரும் சேர்ந்துதான் அதைக் கெடாமல் பூட்டி வைத்திருந்தது. வடிந்துவிட்டால் பூட்டு திறந்துவிடும்.

அதே சமயம் ரொம்பவும் காய்ந்து போனாலும் நுண்ணுயிர் வேலை செய்யாது. நடுவிலே, ஈரமும் இருந்து காற்றும் புகுகிற பதத்தில்தான் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகமாக வெளியேறும். மீத்தேனையும் லேசாக விடமுடியாது. நூறு ஆண்டுக் கணக்கில் அது ஒரு டன்னுக்குக் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு வரை சூடேற்றும். உறைமண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகினால் நிலம் குழிந்து உட்காரும். குழியில் நீர் நின்று குளமாகும், அங்கே மீத்தேன். பக்கத்து மேடு வடிந்து காயும், அங்கே கார்பன் டை ஆக்சைடு. ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மழையும் நில மட்டமும் எப்படி மாறும் என்று தெரியாமல் இதை முன்கூட்டிக் கணிப்பது கடினம்.

கூந்தன்குளம் பறவைக்காரன் எழுதியது:

வாசிச்சிட்டே வந்தேன், ஒரு கேள்வி வந்து நின்னுட்டு.

எங்க குளத்துக்கு வருசா வருசம் கொசு உள்ளான் வருது. ஊர்க்குருவியவிட பெருசு கிடையாது. கோடையில முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது சைபீரியத் தூந்திரத்துல. குளிர் தொடங்கினதும் கிளம்பி, இவ்வளவு தூரம் பறந்து வந்து, நம்ம குளத்துச் சேத்துல புழு பொறுக்குது. அது இங்க நிக்கும்போது அங்க முழுக்க இருட்டு, பனி, உறைவு. செடி தூங்குது, பறவை இல்ல. அப்போ அந்த மண்ணும் தூங்குதுதானே? நீங்க சொல்றதெல்லாம் கோடைக் கணக்குதானா?

பாளை மண்நேசி எழுதியது:

பறவைக்காரரே, நீங்கள் கேட்டது இந்த விசயத்திலேயே அதிகம் கவனிக்கப்படாமல் கிடந்த கேள்வி. ரொம்ப நாள் ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். குளிர்காலத்தில் அங்கே போய் அளப்பது சிரமம், கருவி உறையும், ஆளும் உறைவார். அதனால் குளிர்கால வெளியேற்றம் கணக்கில் ஏறாமலோ, மிகக் குறைவாகவோ இருந்தது.

நடப்பது இதுதான். இலையுதிர்காலத்தில் காற்று பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். ஆனால் ஈர மண் உடனே உறையாது. நீர் உறையும்போது தன்னுள் இருக்கும் வெப்பத்தை வெளியே விடும். அதனால் மண் பூஜ்ஜியம் டிகிரியிலேயே வாரக்கணக்கில் நிற்கும். சில இடங்களில் மூன்று மாதம் வரைகூட நிற்கும். மேலே உறைகிறது, அடியிலும் உறைமண், நடுவில் ஒரு அடுக்கு இளகியே கிடக்கிறது. அந்த அடுக்கில் நுண்ணுயிர் தின்றுகொண்டே இருக்கும். முழுக்க உறைந்த பிறகும் மண் துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப் படலம் மிஞ்சும். அதில் பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரி போன பின்னும் மெதுவாகச் சுவாசம் நடக்கும். செடி மட்டும் ஒன்றும் இழுக்காது, ஏனென்றால் ஒளி இல்லை. அலாஸ்காவின் வட நுனியில் உட்கியாக்விக் என்ற ஊரில், முன்பு பேரோ என்பார்கள், சுமார் 65 நாள் சூரியன் உதிக்காது. ஆக குளிர்காலத்தில் வரவே கிடையாது, செலவு மட்டும்தான்.

அதே உட்கியாக்விக்கில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை 1970-களிலிருந்து அளந்து வருகிறார்கள். ரோய்சின் கோமேன் குழுவினர் 2017-இல் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலத்திலிருந்து வரும் அளவு 1975-க்குப் பிறகு 73 விழுக்காடு கூடியிருந்தது. உறைவு தள்ளிப் போகிறது, மண் இளகிக் கிடக்கும் நாள் நீள்கிறது.

2019-இல் சூசன் நடாலி குழுவினர் உறைமண் பகுதி முழுவதற்கும், தூந்திரத்துக்குத் தெற்கே உள்ள குளிர்காடும் சேர்த்து, குளிர்காலக் கணக்குப் போட்டார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெளியேறுவது ஆண்டுக்குச் சுமார் 166 கோடி டன் கார்பன். கணினி மாதிரிகளின் கணிப்புப்படி வளர்பருவத்தில் செடிகள் இழுப்பதோ சுமார் 103 கோடி டன். வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். உங்கள் கொசு உள்ளான் நம்ம சேற்றில் நிற்கும் மாதங்கள்தான் அங்கே கணக்கைக் கவிழ்க்கும் மாதங்கள்.

பொருநைக்கரையான் எழுதியது:

இதப் படிச்சதும் நெஞ்சு கனத்துப் போச்சு டீச்சர். நாங்க எல்லாரும் பனி உருகுறதத்தான் படத்துல பாக்குதோம். பனி விழுறதும் இதுல சேருமான்னு தேடிப் போனேன். சேருது.

பனி மெத்தை மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது சும்மா சொல்லு இல்ல. பனிக்குள்ள காத்து அடைபட்டு இருக்கதால சூடு அவ்வளவு லேசுல வெளிய போகாது. பனி ஆழமா விழுந்தா மண்ணு வெதுவெதுப்பாவே கிடக்கும், மெல்லிசா விழுந்தா குளிரு உள்ள எறங்கிரும். அலாஸ்காவுல ஹீலிங்கிற ஊர்ப்பக்கம் வேலி கட்டிப் பனிய ஒதுக்கி, ஒரு பக்கம் மட்டும் உசரமாச் சேரவிட்டு அளந்துக்கிட்டு வாராங்க. பனி கனத்த பக்கம் மண்ணு சூடாகி, உறைமண்ணு ஆழம் வரைக்கும் இளகியிருக்கு.

இதுல புதர் வந்து சேருது. சூடு கூடினதும் குள்ளப் பிர்ச்சும் வில்லோவும் உசரமா வளருது. காத்துல ஓடுற பனிய அந்தப் புதர் பிடிச்சு நிறுத்துது. புதருக்கடியில பனி கனக்கும், மண்ணு வெதுவெதுப்பாகும், குளிர்காலத்துலயும் மட்கும், தழைச்சத்து விடுபடும், அடுத்த கோடையில புதர் இன்னும் வளரும். மண்நேசி டீச்சர் சொன்ன அந்த நைட்ரஜன் சுழற்சியும் இதும் ஒண்ணா மாட்டிக்கிடுது. அந்த வாட்ஸ்அப் செய்தியில செடி வளர்றத நல்ல சேதியா சொன்னாங்கல்லா, அந்தச் செடியே குளிர்காலத்துல மண்ணுக்குப் போர்வை போத்தி விடுது.

பாளை மண்நேசி எழுதியது:

அதோடு வேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர் நுனியிலிருந்து கசியும் சர்க்கரைச் சத்து நுண்ணுயிருக்கு லேசான தீனி. அதைத் தின்று வலுவானதும், தனியாகத் தொடமுடியாமல் விட்டிருந்த பழைய மட்கையும் உடைக்கத் தொடங்கும். வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் ஒரு சூழல் காரணிதான்.

வள்ளியூர் தமிழன் எழுதியது:

இத்தனை பேர் நிதானமா பேசுறது எனக்கு ஆச்சரியமா இருக்கு. ஒன்றரை லட்சம் கோடி டன்! இது வெடிகுண்டு. ஒருநாள் இளகி மொத்தமும் மேலே வந்தா மனுச குலமே கிடையாது. இனிமே நாம பெட்ரோல் குறைச்சு என்ன, மரம் நட்டு என்ன? எல்லாம் முடிஞ்சு போச்சு.

பணகுடி காத்தாடி எழுதியது:

தமிழன் அண்ணே, முதல்ல நான்தான் இதுல சந்தேகப்பட்டு எழுதினேன். இப்போ நான் உங்களத் தடுக்க வேண்டியிருக்கு. பயம் நியாயம். ஆனா முடிஞ்சு போச்சுன்னு சொல்றது அந்த வாட்ஸ்அப் செய்திய மாதிரியேதான் போய் முடியும். ரெண்டும் கேட்டவன கைகட்டி உக்கார வச்சிரும்.

காலநிலை மாத்தத்த மதிப்பிடுற ஐ.நா. அறிவியல் குழு ஐபிசிசியோட ஆறாவது மதிப்பீட்டைத் தேடிப் படிச்சேன். உலக வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறுறதுக்கும், 2100க்குள்ள உறைமண்ணுல இருந்து கார்பன் டை ஆக்சைடா வரக்கூடியது நடுக்கணக்கா 1,800 கோடி டன் கார்பன். கீழ 310 கோடியில இருந்து மேல 4,100 கோடி வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு. நாம நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எரிச்சு விடுறது ஒரே வருசத்துக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். அப்போ மண்ணு ஒரு டிகிரிக்கு விடுறது, நாம ரெண்டு வருசத்துக்குள்ள விடுறதுக்குச் சமம். இது குண்டு இல்ல, நிக்காத கசிவு. நாம எவ்வளவு சூடேத்துதோமோ அதுக்குத் தக்க கசியும். ஒவ்வொரு அரை டிகிரிக்கும் மதிப்பு இருக்குங்குறது இதுலயே தெரியுதுல்லா?

நடாலி அம்மா குழுவும் அதத்தான் சொல்லியிருக்கு. நாம மிதமாக் குறைச்சா 2100ல அந்தக் குளிர்கால வெளியேற்றம் 17 விழுக்காடு கூடும். கட்டுப்பாடே இல்லாம விட்டா 41 விழுக்காடு. 17க்கும் 41க்கும் நடுவுல இருக்குறது நம்ம கையில உள்ளது. நான் தினமும் ஏறி எறங்குற காத்தாடி அந்த இடைவெளிக்குள்ளதான் சுத்துது.

பாளை மண்நேசி எழுதியது:

காத்தாடி தம்பி சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் கணக்குகளின் அடியில் உள்ள மாதிரிகளில் நிலம் திடீரெனச் சரிந்து குழிவது பெரும்பாலும் சேரவில்லை, தீயும் போதுமான அளவு சேரவில்லை. அதனால் அந்த எண்களை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. 2007-இல் வட அலாஸ்காவில் அனக்டுவுக் ஆற்றுப் பக்கம் மின்னல் விழுந்து தூந்திரம் பற்றியது. அந்தக் கோடை வறண்டிருந்ததால் தீ பரவி 1,039 சதுர கிலோமீட்டர் எரிந்தது. நம்ம இப்போதைய நெல்லை மாவட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு. எரிந்ததில் 21 லட்சம் டன் கார்பன் காற்றுக்குப் போனது. எரிந்து கறுத்த தரை வெயிலைக் கூடுதலாக உள்வாங்கும், மேலே போர்த்தியிருந்த பாசியும் போய்விடும், அடியில் உறைமண் இன்னும் இளகும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனம் வெளியிட்ட ஆர்க்டிக் அறிக்கை, காட்டுத்தீயையும் சேர்த்துப் பார்த்தால் தூந்திரம் இப்போது கார்பன் டை ஆக்சைடை இழுப்பதைவிட அதிகம் விடும் நிலமாகிவிட்டது என்றது. ஆயிரமாயிரம் ஆண்டு சேமித்து வந்த நிலம்.

கல்லிடை சம்சாரி எழுதியது:

2023 டிசம்பர்ல பெய்ஞ்ச பேய்மழைய மறக்க முடியுமா. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல. தாமிரபரணி கரை தெரியாம ஓடிச்சு, எங்க வயக்காடு பூரா மணல் மூடிட்டு. அதுவும் இந்தத் துருவ விவகாரமும் ஒண்ணோடொண்ணு சம்பந்தப்பட்டதா தாயி? நேராச் சொல்லு.

பாளை மண்நேசி எழுதியது:

நேராகவே சொல்கிறேன் அண்ணாச்சி. அந்த ஒரு மழையைத் தூந்திரத்தின் தலையில் வைக்க முடியாது. அது குமரிக் கடலில் இருந்த மேலடுக்குச் சுழற்சி கொண்டுவந்த மழை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். மழைச் சுழற்சி உருவாகும்போது கொட்டுவதற்கு அதனிடம் நீர் கூடுதலாக இருக்கும். கார்பன் டை ஆக்சைடு எங்கே கிளம்பினாலும் ஓர் ஆண்டு வாக்கில் உலகம் முழுதும் கலந்துவிடும். சைபீரியாவில் கிளம்பியது, தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் கிளம்பியது என்று காற்று பிரித்து வைக்காது. அங்கே கசிவது கூடினால், வெப்பம் எல்லை மீறாமல் நாம் எரிக்க மீதமிருக்கும் பங்கு அவ்வளவுக்குக் குறையும். நமக்குச் சம்பந்தம் அந்த வழியில்தான்.

ஏர்வாடி நிலா எழுதியது:

அக்கா, நான் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கேன். இந்த இழைய ஒரே மூச்சுல படிச்சேன். துருவத்துக்குப் போக எனக்கு வழியில்ல. நார்வேயில ஸ்வால்பார்டு தீவுல நம்ம நாட்டு ஹிமாத்ரி நிலையம் 2008ல இருந்து இருக்குன்னு தெரியும், என்னைக்காவது போகணும்னு ஆசை. அதுவரைக்கும் இங்க உள்ள மண்ண வச்சே சூடு, ஈரம், தழைச்சத்து எப்படி மூச்ச மாத்துதுன்னு ப்ராஜெக்ட் செய்யலாமா? எங்க ஆய்வகத்துல விலைகூடின கருவி எதுவும் கிடையாது.

பாளை மண்நேசி எழுதியது:

தாராளமாகச் செய்யலாம்மா, விலை குறைந்த சாமானில் செய்கிற சோதனை அது. வாய் அகன்ற, இறுக்கி மூடும் கண்ணாடி பாட்டில்கள் எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலும் ஒரே எடை மண். அதற்குள் சின்னக் குப்பியில் அளந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். மண் விடும் கார்பன் டை ஆக்சைடை அது பிடித்துக்கொள்ளும். ஒருநாள் கழித்து எடுத்து, பேரியம் குளோரைடு சேர்த்து, பினாப்தலீன் சொட்டு விட்டு, மிஞ்சிய காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்த்தால் (டைட்ரேஷன் செய்தால்) எவ்வளவு வாயு வந்தது என்று தெரிந்துவிடும். பேரியம் உப்பு நச்சு, கையுறை போடு, கழிவைச் சாக்கடையில் ஊற்றாதே.

மண்ணை இரண்டு மூன்று இடத்திலிருந்து எடு. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல், ஆற்றங்கரை வயல் மண், முறையாக அனுமதி கிடைத்தால் மலைச்சரிவு மண். கரிமப் பொருள் அளவு மூன்றிலும் வேறு வேறு. ஒரு வரிசையைக் குளிர்பெட்டியில் ஐந்து டிகிரியில் வை, இன்னொன்றைப் பதினைந்தில், மற்றதை அறை வெப்பத்தில். ஈரத்தையும் மூன்று அளவில் மாற்று. ஒரு வரிசைக்குத் துளி யூரியா. சூடும் ஈரமும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று நீயே பார்ப்பாய். சூடு ஏற்றியும் ஈரம் இல்லாத பாட்டில் ஒன்றும் பேசாது.

கல்லிடை சம்சாரி எழுதியது:

நிலா தாயி, வயல் மண்ணுக்கு எங்க வீட்டுக்கு வா. பிசானம் அறுத்து முடிஞ்ச வயலும் இருக்கு, வாழை போட்ட வயலும் இருக்கு. எந்த வயல்ல என்ன உரம் எப்போ போட்டேன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், அதையும் தாரேன்.

ஏர்வாடி நிலா எழுதியது:

ரொம்ப நன்றி மாமா, கண்டிப்பா வாரேன். அக்கா, மண்ண காய வச்சுச் சலிச்சிட்டு உடனே தண்ணி விட்டு அளக்கலாமா?

பாளை மண்நேசி எழுதியது:

உடனே அளக்காதே. காய்ந்த மண்ணில் நீர் பட்டதும் முதல் ஓரிரு நாள் கார்பன் டை ஆக்சைடு குபீரென்று கிளம்பும், பிறகுதான் அடங்கும். ஈரப்படுத்தி ஒரு வாரம் அப்படியே வைத்திருந்து அதன்பின் தொடங்கு. அந்த முதல் எழுச்சியையும் தனியாக அளந்து வைத்தால் நல்லதுதான். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று பாட்டில் வை. மண்ணே போடாத பாட்டில் ஒன்றும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் ஏற்கெனவே இருந்த காற்றின் கணக்கு மண்ணின் கணக்கில் ஏறிவிடும். அட்டவணை தயாரானதும் இங்கேயே போடு, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.